தலைமுடி மாத்திரை: வீட்டுப் பெண்களுக்கும் தெரிய வேண்டிய சேதி



வாசுதேவநல்லூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் செய்து, கடன் தவணை எழுதி, தீர்மான நோட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு முடித்தாச்சு. கிளம்புகிற நேரத்தில் வழக்கம்போல வீட்டுப் பேச்சு ஆரம்பித்தது. ஓர் அக்கா தன் மகனுக்கு இருபத்தாறு வயதிலேயே முன்பக்கம் முடி ஏறிப் போச்சு, பெண் வீட்டார் போட்டோவைப் பார்த்துவிட்டு யோசிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டார்.

உடனே பக்கத்தில் இருந்த சின்ன வயது உறுப்பினர் சொன்னார்: "யக்கா, எங்க வீட்ல அவுக அதுக்கு மாத்திர சாப்பிடுதாக. சின்ன மாத்திரை வெல கூடுதலாம். கடையில பெரிய மாத்திரையா வாங்கி நாலா வெட்டிச் சாப்பிடச் சொல்லிருக்காக. நான்தான் ஞாயித்துக்கெழம பிளேடு வச்சு நறுக்கி டப்பாவுல போட்டு வைக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். கூட்டத்துக்கு வந்திருந்த கிராம சுகாதாரச் செவிலியர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏ பிள்ள, நீ முழுகாம இருக்கியே. அந்த மாத்திரய நீ தொடலாமா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு அப்போது மூன்றாவது மாதம்.

கூட்டமே அமைதியாகிவிட்டது. ஆம்பளை சாப்பிடுகிற முடி மாத்திரைக்கும் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்கும் முழுசாகத் தெரியாது. அதன் பிறகு டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இந்த இதழில் எழுதுகிறோம். நம் வீட்டு ஆண்கள் சாப்பிடுகிற மருந்துதானே, நமக்கு எதற்கு என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம்.

ஆண்களுக்கு ஏன் வழுக்கை விழுகிறது?

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. தினமும் ஐம்பதிலிருந்து நூறு முடி வரை உதிர்வது வழக்கம்தான். உதிர்ந்த இடத்தில் வேரிலிருந்து புது முடி முளைக்கும். ஆனால் வழுக்கை விழுகிற ஆண்களுக்கு நடப்பது வேறு. நெற்றியின் இரண்டு ஓரத்திலும் உச்சியிலும் இருக்கும் முடி வேர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகின்றன.

நம்ம பக்கம் கரும்பு போடுகிறவர்களுக்கு இது எளிதாகப் புரியும். முதல் போகத்தில் கரும்பு தடியாக வரும். வெட்டிவிட்டு மறுதாம்பு விட விட, ஒவ்வொரு போகத்துக்கும் கரும்பு மெலிந்துகொண்டே போகும். அதுபோல ஒவ்வொரு முறை உதிர்ந்து முளைக்கும்போதும் முடி மெலிகிறது, நீளம் குறைகிறது. கடைசியில் பூனை முடி போல ஆகிறது. பிறகு அதுவும் இல்லை. பின்னந்தலையிலும் காதுக்கு மேலேயும் உள்ள முடிக்கு இப்படி ஆவதில்லை.

இதற்குக் காரணம் ஆண்மைச் சுரப்பு. டெஸ்டோஸ்டிரோன் என்பது ஆண்களின் உடம்பில் ஊறும் சுரப்பு. அதை உடம்பில் உள்ள ஒரு நொதி டி.எச்.டி. என்கிற இன்னும் வீரியமான சுரப்பாக மாற்றுகிறது. இந்த டி.எச்.டி.தான் முடி வேரைச் சுருக்குகிறது. எல்லா ஆணுக்கும் இந்தச் சுரப்பு உண்டு. ஆனால் எல்லாருக்கும் வழுக்கை விழுவதில்லை. யாருடைய முடி வேர் அதற்கு இளகிக் கொடுக்கிறதோ அவருக்குத்தான் விழுகிறது. அது பரம்பரையாக வருவது.

1942-ம் வருடம் அமெரிக்காவில் ஹாமில்டன் என்கிற ஆராய்ச்சியாளர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். வயதுக்கு வருமுன் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு ஆண்மைச் சுரப்பை ஊசியாகக் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது.

"அம்மா வழித் தாத்தாவுக்கு வழுக்கை என்றால் பேரனுக்கும் வழுக்கை" என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. அம்மா வழியிலும் வரும், அப்பா வழியிலும் வரும். ஆகவே, "உங்க வம்சத்தாலதான் எம்மவனுக்கு முடி போச்சு" என்று சம்பந்தி வீட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. போர்த் தண்ணீர், ஹெல்மெட், தலையில் எண்ணெய் வைக்காதது, இவையும் இந்த வழுக்கைக்குக் காரணம் இல்லை.

எல்லா முடி உதிர்வும் வழுக்கை ஆகாது

டைபாய்டு, டெங்கு மாதிரிக் கடும் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பிள்ளை பெற்ற பெண்களுக்கும் மூன்றாம் மாதம் போலக் கொட்டும். இவை பெரும்பாலும் தானாகவே திரும்பி முளைத்துவிடும். ரத்தசோகை இருந்தாலும், தைராய்டு குறைபாடு இருந்தாலும் முடி கொட்டும். அங்கே ரத்தத்தைச் சரி பண்ண வேண்டும், தைராய்டைச் சரி பண்ண வேண்டும். வட்டம் வட்டமாகச் சொட்டை விழுவதைப் புழுவெட்டு என்கிறோம். அது வேறு நோய். பிள்ளைகளுக்குத் தலையில் படர்தாமரை வந்து முடி கொட்டுவதும் உண்டு.

இவை எதற்கும் நாம் இங்கே பேசப் போகிற மாத்திரை மருந்து இல்லை. கடைக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்லி மாத்திரை வாங்கக் கூடாது என்பதற்கு முதல் காரணமே இதுதான். எதனால் கொட்டுகிறது என்று முதலில் தோல் டாக்டர் பார்க்க வேண்டும்.

மாத்திரை வந்த கதை

ஆண்களின் வழுக்கைக்கு உலகம் முழுவதும் அதிகமாகக் கொடுக்கிற மாத்திரையின் பெயர் ஃபினாஸ்டரைடு. கம்பெனிக்கு ஒரு பெயரில் வரும். அட்டையில் பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயரும், பொடி எழுத்தில் ஃபினாஸ்டரைடு என்றும் இருக்கும்.

இது வந்த கதை ஆச்சரியமானது. அமெரிக்காவுக்குத் தெற்கே டொமினிக்கன் குடியரசு என்று ஒரு சின்ன நாடு. அங்கே சலினாஸ் என்கிற கிராமத்தில் சில பிள்ளைகள் பிறக்கும்போது பெண் பிள்ளை போலத் தெரிந்தார்கள். பாவாடை சட்டை போட்டு வளர்த்தார்கள். பன்னிரண்டு வயதை ஒட்டி அவர்களின் உடம்பு ஆண் பிள்ளையாக மாறியது. 1974-ல் இம்பெராட்டோ மெக்கின்லி என்கிற பெண் டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் இந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி.யாக மாற்றும் நொதி இவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு என்று தெரிந்தது.

அதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, இவர்கள் பெரியவர்களான பிறகு வழுக்கை விழவில்லை. சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரோஸ்டேட் சுரப்பியும் வீங்கவில்லை. இரண்டு, தாயின் வயிற்றில் இருக்கும்போது டி.எச்.டி. கிடைக்காததால்தான் ஆண் சிசுவின் பிறப்புறுப்பு ஒழுங்காக உருவாகவில்லை.

முதல் விஷயத்தைப் பிடித்துக்கொண்டு மருந்துக் கம்பெனி அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரையைச் செய்தது. 1992-ல் வயதானவர்களின் புரோஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் மாத்திரைக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அதைவிடக் குறைந்த அளவே முடிக்குப் போதும் என்று தெரிந்து, 1997-ல் 1 மில்லிகிராம் மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. இப்போது நம் நாட்டுக் கம்பெனிகளும் இரண்டையும் தயாரிக்கின்றன.

இரண்டாவது விஷயம்தான் நமது குழு உறுப்பினருக்கு வந்த ஆபத்து. மருந்தின் வேலை டி.எச்.டி.யைத் தடுப்பது. வயிற்றில் ஆண் சிசு இருந்தால் அதற்கு அதே டி.எச்.டி. வேண்டும். அம்மாவின் உடம்புக்குள் இந்த மருந்து போனால் சிசுவின் உறுப்பு வளர்ச்சி கெடலாம்.

அதனால் இந்த ஒன்றை எல்லாரும் மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருக்கிறவர்களும், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்களும் உடைந்த, நறுக்கிய, பொடித்த ஃபினாஸ்டரைடு மாத்திரையைக் கையால் தொடக் கூடாது. முழு மாத்திரையின் மேல் பூச்சு இருக்கிறது. அதைத் தெரியாமல் எடுத்துக் கொடுத்துவிட்டால் பயம் இல்லை. வெட்டினால் பூச்சு போய்விடுகிறது. கைபட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

"அவுக சாப்பிடுதாக, ஒண்ணா இருந்தா பிள்ளைக்கு ஆகுமா?" என்று கூட்டத்தில் ஒருவர் மெதுவாகக் கேட்டார். விந்தில் கலந்து வருகிற மருந்து மிகமிகக் குறைவு. அதனால் பிள்ளைக்குக் கெடுதல் வந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் கர்ப்பப் பதிவு செய்யும்போதே, கணவர் இந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று சொல்லிவிடுவது நல்லது.

இன்னொரு மாத்திரை

மினாக்சிடில் என்பது இன்னொரு மருந்து. தலையில் தடவும் தண்ணி மருந்தாகப் பலருக்குத் தெரியும். ஆனால் அது முதலில் வந்தது மாத்திரையாகத்தான். 1979-ல் அமெரிக்காவில் கடுமையான ரத்தக் கொதிப்புக்காக வந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கொதிப்பு குறைந்தது. கூடவே கை, முகம், நெற்றி எல்லாம் முடி முளைத்தது. அதைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்தைச் செய்தார்கள். 1988-ல் அதற்கு அனுமதி கிடைத்தது.

கொஞ்ச வருடங்களாகத் தோல் டாக்டர்கள் சிலர் இதையே மிகக் குறைந்த அளவில் மாத்திரையாக எழுதிக் கொடுக்கிறார்கள். பலருக்குப் பலன் தெரிகிறது. ஆனால் இது அடிப்படையில் ரத்தக் கொதிப்பு மாத்திரை என்பதை மறக்கக் கூடாது. தலை சுற்றலாம், நெஞ்சு படபடக்கலாம், கால் வீங்கலாம். இருதயக் கோளாறு உள்ளவர்கள், ஏற்கெனவே கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. முதல் சில வாரம் முடி இன்னும் கூடுதலாகக் கொட்டும். பழைய முடி போய்ப் புது முடி வருவதற்காக அப்படி ஆகும்.

சின்னப் பிள்ளைகள் கைக்கு இது போகக் கூடாது. 2019-ல் ஸ்பெயின் நாட்டில் வயிற்று மருந்து என்று பெயர் ஒட்டிய பாட்டிலில் தவறுதலாக மினாக்சிடில் போய்விட்டது. அதைக் குடித்த பதினைந்துக்கும் மேற்பட்ட பச்சைப் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்தது. மருந்தை நிறுத்திய பிறகுதான் உதிர்ந்தது. ஆகவே மாத்திரை டப்பாவை ஜன்னல் திட்டில் வைக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

டூட்டாஸ்டரைடு என்று மூன்றாவதும் ஒன்று உண்டு. ஃபினாஸ்டரைடு செய்யும் வேலையையே இன்னும் பலமாகச் செய்யும். உடம்பை விட்டுப் போகப் பல மாதம் ஆகும். இது கேப்சூலாக வரும். கேப்சூல் கசிந்தால் தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும். கர்ப்பிணிகள் இதையும் தொடக் கூடாது.

சாப்பிட்டால் முடி வருமா?

இதற்கு நேரான பதில் சொல்கிறோம். ஃபினாஸ்டரைடு முதலில் செய்வது, இருக்கிற முடியைக் காப்பாற்றுவது. சிலருக்கு மெலிந்த முடி கொஞ்சம் தடிக்கும். வழுவழுவென்று ஆகிவிட்ட இடத்தில் புதுசாக முளைக்க வைக்காது.

இரண்டு வருடம் சாப்பிட்டவர்களை எண்ணிப் பார்த்த ஆராய்ச்சியில் 100 பேரில் 83 பேருக்கு முடி எண்ணிக்கை குறையாமல் நின்றது. வெறும் சர்க்கரை மாத்திரை போல ஒன்றைக் கொடுத்தவர்களில் 28 பேருக்குத்தான் நின்றது. மருந்து வேலை செய்கிறது என்பது உண்மை. ஆனால் மூன்று மாதத்துக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும். நிறுத்தினால் ஒரு வருடத்துக்குள் காப்பாற்றிய முடியும் போய்விடும். "ஒரு மாசத்துல அடர்த்தியான முடி" என்று யாராவது விளம்பரம் செய்தால் அது பொய் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

பக்க விளைவு: கூச்சப்பட்டு மறைக்கிற விஷயம்

பெரும்பாலானவர்களுக்கு இந்த மாத்திரையால் ஒரு தொந்தரவும் வருவதில்லை. சிலருக்கு வருகிறது. அது வெளியே சொல்லக் கூச்சப்படுகிற தொந்தரவாக இருப்பதால்தான் சிக்கல்.

தாம்பத்தியத்தில் நாட்டம் குறையலாம். விறைப்பு குறையலாம். விந்து குறையலாம். ஆரம்பத்தில் நடந்த ஒரு வருட ஆராய்ச்சியில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு ஏறக்குறைய 4 பேருக்கு இப்படி வந்தது. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 100-க்கு 2 பேர் இப்படிச் சொன்னார்கள். பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகிவிடும். நிறுத்திய பிறகும் சிலருக்குத் தொடர்ந்தது என்று 2012-ல் அமெரிக்க அரசு மருந்துச் சீட்டில் சேர்க்கச் சொன்னது. மார்பு வீங்குவது, மார்பில் கட்டி அல்லது வலி வருவதும் உண்டு. அப்படி வந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் மனசு. இந்த மாத்திரை சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு வந்திருக்கிறது. தற்கொலை எண்ணமும் வந்திருக்கிறது. 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எல்லாவற்றையும் ஆராய்ந்து, தற்கொலை எண்ணம் ஃபினாஸ்டரைடு மாத்திரையின் பக்க விளைவுதான் என்று உறுதியாகச் சொன்னது. எத்தனை பேரில் ஒருவருக்கு வரும் என்று கணக்குச் சொல்ல முடியவில்லை. முடிக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு மருந்துப் பெட்டியிலேயே ஓர் எச்சரிக்கை அட்டை வைக்கவும் சொன்னது.

இதில் நம் பங்கு பெரியது. மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தன் மனசு மாறுவது தெரியாமல் போகலாம். கூட இருக்கிறவர்களுக்குத் தெரியும். கலகலப்பாக இருந்த பிள்ளை பேச்சைக் குறைத்துவிட்டானா? ராத்திரி தூங்காமல் கிடக்கிறானா? சாப்பாடு வேண்டாம் என்கிறானா? "இருந்து என்ன செய்ய" என்று பேசுகிறானா? காதல் தோல்வி, வேலைக் கவலை என்று நாமாக முடிவு கட்டாமல், "நீ ஏதாவது மாத்திரை சாப்பிடுதியாடே?" என்று கேட்டுப் பாருங்கள். ஃபினாஸ்டரைடு என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்கிற டெலிமானஸ் எண்ணும், தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் இருக்கின்றன. இரண்டுக்கும் காசு கிடையாது.

பிள்ளை இல்லை என்று மருமகளைக் குறை சொல்லுமுன்

இதைக் கட்டாயம் எல்லாக் குழுவிலும் பேச வேண்டும் என்று நினைக்கிறோம்.

கல்யாணத்துக்கு முன்னால் பையன் முடிக்காக மாத்திரை ஆரம்பிக்கிறான். வீட்டில் சொல்லவில்லை. கல்யாணம் ஆகிறது. மனைவியிடமும் சொல்லவில்லை. ஒரு வருடம் போகிறது, இரண்டு வருடம் போகிறது. ஊரார் கேட்க ஆரம்பிக்கிறார்கள். அந்தப் பெண் கோயில் கோயிலாகப் போகிறாள், ஸ்கேன் எடுக்கிறாள், மருந்து சாப்பிடுகிறாள், மாமியார் பேச்சைக் கேட்கிறாள். அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லை.

ஃபினாஸ்டரைடு சாப்பிடும் சில ஆண்களுக்கு விந்தின் தரமும் உயிரணுக்களின் எண்ணிக்கையும் குறைகின்றன. ஏற்கெனவே கொஞ்சம் குறைவாக இருப்பவர்களுக்கு இன்னும் குறையும். மாத்திரையை நிறுத்திய சில மாதங்களில் சரியாகி, பிள்ளை உண்டானவர்கள் இருக்கிறார்கள். எல்லாக் குழந்தையின்மைக்கும் இதுதான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்வியில் தெரிந்துவிடுகிற விஷயத்துக்கு ஒரு பெண் வருடக்கணக்கில் அழ வேண்டுமா?

பிள்ளைக்காக டாக்டரிடம் போகும்போது புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். ஆணுக்கு எடுக்கும் விந்துப் பரிசோதனை எளிதானது, வலி இல்லாதது. முதலிலேயே அதை எடுத்துவிட வேண்டும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று இரண்டு பேரும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நம்ம வாசுதேவநல்லூர்க் கோயிலில் சாமி அர்த்தநாரீஸ்வரராக, பாதி ஆண் பாதி பெண்ணாக நிற்கிறார். பிள்ளைப் பேறும் அப்படித்தான். பாதிப் பொறுப்பு ஆணுக்கு உண்டு.

இன்னும் சில விஷயம்

ரத்ததானம்: ஃபினாஸ்டரைடு சாப்பிடுகிறவர் கடைசி மாத்திரை சாப்பிட்டு ஒரு மாதம் கழியாமல் ரத்தம் கொடுக்கக் கூடாது. டூட்டாஸ்டரைடு என்றால் ஆறு மாதம். அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம் என்பதுதான் காரணம். நம் ஊர் இளைஞர்கள் ரத்ததான முகாமுக்குப் போகும்போது இதைச் சொல்லி அனுப்புங்கள்.

புரோஸ்டேட் பரிசோதனை: ஐம்பது வயது தாண்டிய ஆண்களுக்குப் புற்றுநோய்ச் சந்தேகத்துக்காக பி.எஸ்.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். இந்த மாத்திரை அந்த அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். நோய் இருந்தும் இல்லாதது போலத் தெரியலாம். பரிசோதனைக்கு முன்பே மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும்.

பெண்கள் சாப்பிடலாமா: 1 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடு ஆண்களுக்கு மட்டும் என்றே அனுமதி பெற்றது. "எனக்கும் முடி கொட்டுதே" என்று கணவரின் மாத்திரையில் ஒன்றை எடுத்து விழுங்கிவிடாதீர்கள். நமக்கு முடி கொட்டினால் முதலில் ரத்தத்தின் அளவைப் பார்ப்போம்.

காசுக் கணக்கு

நாம் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள். இதையும் பார்ப்போம். மாத்திரைக்கும் டாக்டர் பீஸுக்கும் பஸ்ஸுக்குமாக மாதம் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 6,000 ரூபாய். பத்து வருடத்துக்கு 60,000 ரூபாய். நிறுத்தினால் பலன் போய்விடும் என்பதால் இது முடிகிற செலவும் இல்லை. மனசுக்குத் திருப்தி, வருமானமும் இருக்கிறது என்றால் சாப்பிடுவதில் தப்பு இல்லை. ஆனால் இதற்காகக் கடன் வாங்குவது சரியா என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

முடி நடுகிற ஆபரேஷனுக்கும் சிலர் பெரும் தொகை கடன் வாங்குகிறார்கள். அது மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் வேலை. 2016-ல் சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரி மாணவரே இந்தச் சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தார். தகுதியான டாக்டர் இல்லாத இடத்தில் தலையைக் கொடுக்கக் கூடாது. முடி நட்ட பிறகும், மற்ற முடியைக் காப்பாற்றப் பெரும்பாலும் மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள்.

கடையில் நேராகக் கேட்டு வாங்குகிற பழக்கமும் வேண்டாம். இது டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்து. அட்டையிலேயே அப்படி அச்சிட்டிருக்கிறது. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள்.

கடைசியாக ஒன்று. வழுக்கை ஒரு நோய் இல்லை. வலிக்காது, வேலையைத் தடுக்காது, ஆயுளைக் குறைக்காது. "சொட்டை", "மொட்டை" என்று நாம் வீட்டுக்குள்ளேயே கேலி பேசுகிறோம். பெண் பார்க்கப் போகும்போது முடியைப் பார்க்கிறோம். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பிள்ளைகள் ஒளித்து ஒளித்து மாத்திரை சாப்பிடுகிறார்கள். கறுப்பு, குட்டை என்று பெண்களைச் சொல்லும்போது நமக்கு எப்படி வலிக்கும்? அதே வலிதான் அவர்களுக்கும்.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

1. வீட்டில் யாராவது முடிக்கு மாத்திரை சாப்பிடுகிறார்களா? கேலி செய்யாமல் கேட்டுத் தெரிந்துகொள்வோம். அட்டையை வாங்கிப் பெயரைப் படிப்போம்.

2. டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்த மாத்திரையா? இல்லை என்றால் உடனே டாக்டரிடம் காட்டச் சொல்வோம்.

3. மாத்திரையை வீட்டில் வெட்ட வேண்டாம். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே வேண்டாம். வெட்டிய பிளேடு, கத்தியை அடுப்படியில் வைக்க வேண்டாம்.

4. சாப்பிடுகிறவரின் மனசு, தூக்கம், பேச்சு மாறுகிறதா என்று கவனிப்போம்.

5. பிள்ளைக்குத் திட்டமிடும்போது இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரிடம் போவோம். மாத்திரை பற்றிச் சொல்வோம்.

6. ரத்ததானத்துக்கு முன்பும், எந்த ஆபரேஷனுக்கு முன்பும் மாத்திரை பற்றிச் சொல்லச் சொல்வோம்.

நமது உறுப்பினர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மறுநாளே செவிலியர் கூடப் போய் டாக்டரைப் பார்த்தார். மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போனார். கையில் பட்டதாலேயே கட்டாயம் கெடுதல் வரும் என்று இல்லை, பயப்படாதே, இனிமேல் தொடாதே என்று டாக்டர் தைரியம் சொன்னார். கர்ப்ப அட்டையில் அதை எழுதினார். ஐந்தாம் மாத ஸ்கேனில் கவனமாகப் பார்க்கவும் சொல்லி அனுப்பினார். ஸ்கேனில் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று வந்திருக்கிறது.

கணவரிடம் பேசினோம். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். "முடி போச்சுன்னா இவளுக்கே நம்மளப் பிடிக்காமப் போயிருமோன்னு நெனச்சேன்" என்றார். அந்தப் பெண் பக்கத்தில் நின்று சொன்னார்: "மூணு வருசமா அந்தத் தலைக்குத்தான எண்ணெ தேச்சு விடுதேன். எனக்குத் தெரியாதா?"

இப்போது அவர் மாத்திரையை நிறுத்தி வைத்திருக்கிறார். பிரசவம் முடிந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து தோல் டாக்டரைப் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் குழுவில் இதைப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு வாயால் சொல்லுங்கள். வீட்டு ஆண்கள் கையிலும் இந்த இதழைக் கொடுங்கள்.